கோப்பியின் குளிர்ச்சட்டை

பகல் பதினொரு மணிக்கு ஜார்ஜ்டவுன் வெயில் தார் ரோட்டையே இளக்கிவிடும். அந்த நேரத்தில் நான் அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலை இறுக்கி, ஏர்கோனைப் பதினாறில் வைத்துவிட்டு, ஒரு நாய்க்குக் குளிர்ச்சட்டை மாட்டுவேன். நானும் ஒரு கம்பளியைச் சுற்றிக்கொள்வேன். அரை மணி நேரம் நாங்கள் இருவரும் கனடாவில் இருப்போம். பிறகு கதவைத் திறந்தால் பினாங்கு முகத்தில் அடிக்கும். என் பிறந்த ஊரான சுன்னாகத்தில் இருக்கும் என் அக்காவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "வெளிநாட்டுக்குப் போறதெண்டா இப்ப நாயும் பயிற்சி எடுக்க வேணுமே?" என்று கேட்டாள். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எனக்கு யாரும் ஒரு பயிற்சியும் தரவில்லை.

நாயின் பெயர் கோப்பி. நிறம் அப்படி. என் மகள் ஆரணி, சந்தைக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் குட்டியாகக் கண்டு தூக்கி வந்தது. இரண்டு மாதத்தில் அவளுக்குக் கனடாவில் வினிபெக் என்ற ஊரில் வேலை கிடைத்துவிட்டது. அவள் போனாள், நாய் என்னிடம் தங்கியது. டிசம்பரில் அதையும் விமானத்தில் அனுப்புவதாக ஏற்பாடு. இந்த ஊர் வெயிலுக்கென்றே பிறந்த உடம்பு, கிள்ளினால் விரலில் அகப்படாத ரோமம். அதனால் அவள் அங்கிருந்து ஒரு நீலச் சட்டை அனுப்பினாள். உள்ளே பஞ்சு, நெஞ்சுக்குக் கீழே பட்டி, பட்டியின் முனையில் பிளாஸ்டிக் கொளுவி. "மா, டெய்லி அரை மணி நேரம் போட்டு பழக்குங்க லா. இங்க வந்து எறங்குன உடனே சட்டைய கழட்டி எறிஞ்சா, அது செத்துடும்" என்றாள். செத்துடும் என்ற சொல்லை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. நான் காற்றடித்தாலே கதவைப் பார்க்கிற ஆள்.

கோப்பி சட்டையை எறியவில்லை, தின்றது. மாட்டிய நிமிடமே தலையைத் திருப்பி முன்னங்காலுக்குப் பின்னால் இருந்த பட்டியைக் கடைவாயில் வைத்து அரைக்கத் தொடங்கும். மூன்றாம் நாள் பஞ்சு வெளியே வந்தது. ஐந்தாம் நாள் கொளுவியின் ஒரு பல்லைக் காணவில்லை. அது குடலில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் தேடி வாசித்த அன்று சோறு இறங்கவில்லை. அதட்டினேன், பிஸ்கட் கொடுத்தேன், கையைக் கூப்பிக் கும்பிட்டும் பார்த்தேன். பிஸ்கட்டைத் தின்றுவிட்டுச் சட்டைக்குத் திரும்பியது.

அப்போதுதான் எனக்கு அம்மாவின் வழி ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேண்டுமென்றால் வேப்பெண்ணெய்தான். விரல் சூப்புகிற பிள்ளைக்கும் அதுதான். என் வலது பெருவிரலில் ஒரு மாதம் வேப்பெண்ணெய் பூசியிருந்தாள் அம்மா; நான் சூப்புவதை விட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ் ஏறிச் சூலியா தெருவுக்குப் போனேன். மருந்துக் கடைக்காரர் போத்தலை எடுத்துக்கொண்டே, "யாருக்குக்கா? சின்ன பிள்ளைக்கா? வெரலு சூப்புதா?" என்று கேட்டார். நாய்க்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஓம், பிள்ளைக்குத்தான்" என்றேன். "அப்ப ஒரு சொட்டு போதும்" என்றார். பிள்ளைக்கு ஒரு சொட்டு என்றால் இந்தப் பஞ்சு மூட்டைக்கு எவ்வளவு? பட்டி முழுவதும் ஊற வைத்துத் தேய்த்தேன்.

மறுநாள் சட்டையை மாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது கோப்பியின் வாயிலிருந்து நுரை வழிந்துகொண்டிருந்தது. தாடை கிடுகிடுவென்று ஆடியது. கண் என்னைப் பார்க்கவில்லை. பட்டியை வாயிலிருந்து இழுத்தேன். அது தலையை உதறியதில் பல் என் பெருவிரலில் கீறிவிட்டது. திறந்திருந்த கதவால் பாய்ந்து முன்வாசலுக்கு ஓடி, இரும்புக் கேட்டில் முகத்தைத் தேய்த்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சீன அம்மாள் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அஞ்சிங் கிலா! அஞ்சிங் கிலா!" என்று கத்தினார். மலாயில் விசர் நாய், வெறிநாய் என்று அர்த்தம். எனக்கு இந்த ஊர் மலாய் மீன் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். எண்ணெய்தான், எண்ணெய்தான் என்று சொல்ல நினைத்து, "மின்யாக்! மின்யாக்!" என்று நானும் கத்தினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நாய் மேல் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பூவாளியைக் கீழே போட்டுவிட்டு, நாய் பிடிக்க நகராண்மைக் கழகத்தைக் கூப்பிடப் போவதாகச் சொல்லி உள்ளே ஓடினார்.

எண்ணெய்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் விரலில் இரத்தம் துளிர்த்து நின்றது. முன்பு சுன்னாகத்தில் எங்கள் ஒழுங்கையில் இருந்த பால்காரரை ஒரு நாய் கடித்தது. சண்டையில் பாதை பூட்டியிருந்த காலம், ஆஸ்பத்திரியில் ஊசி இல்லை. காயம் ஆறிவிட்டது, அவரும் சைக்கிளில் பால் கொண்டுவந்தார், எல்லோரும் அதை மறந்துபோனோம். ஒரு நாள் அவர் மனைவி குடிக்கத் தண்ணீர் நீட்டியபோது அவர் போட்ட சத்தம் வேலி தாண்டி எங்களுக்குக் கேட்டது. எனக்கு ஒன்பது வயது. ஷெல் விழுந்த சத்தங்கள் எல்லாம் எனக்குக் கலந்து குழம்பிவிட்டன, அந்தச் சத்தம் மட்டும் தனியாக இருக்கிறது. கேட்டடியில் நின்ற நாயைப் பார்க்கப் பார்க்க, எண்ணெய் என்று தெரிந்த மனமே எண்ணெய் இல்லை என்றும் சொன்னது.

ஒரு துவாயில் நாயைச் சுற்றி, வாடகைக் காரில் மிருக வைத்தியரிடம் ஓடினேன். இளம் டாக்டர், தமிழ்ப் பெண். வாயைக் கழுவிவிட்டு, "பயப்படாதீங்க ஆன்ட்டி, இது வெறிநோய் இல்ல. கசப்பு தாங்காம நுரை தள்ளுது. ஆனா இந்த எண்ணெய் நாய்க்கு ஆகவே ஆகாது, இனிமே தொடாதீங்க" என்றாள். சட்டையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கோப்பியின் முன்னங்காலைத் தூக்கி, அக்குளைக் காட்டினாள். தோல் சிவந்து உரிந்திருந்தது. "இங்க பாருங்க. பட்டி போட்டு அறுக்குது. அது சட்டைய கடிக்கல ஆன்ட்டி, வலிக்கிற எடத்த கடிக்குது."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. இரண்டு வாரமாக வலி என்று சொன்ன ஒரு உயிரின் வாயில் கசப்பைப் பூசியிருக்கிறேன். அவள் வழி சொன்னாள். பட்டியைத் தளர்த்தி உள்பக்கம் மெல்லிய துணி வைத்துத் தைக்க வேண்டும். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து. சட்டை உடம்பில் இருக்கும்போது கடிக்க வேறு ஏதாவது கொடுக்க வேண்டும், குளிரவைத்த கேரட் போதும். ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் உடனே கழற்றிவிட வேண்டும். "யாரும் பாக்காதப்ப துணியோட விட்டுறாதீங்க. முழுங்குனா குடல்ல சிக்கிரும்." கடைசியில் அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டாள்: "யாரையாச்சும் கடிச்சதா?"

கடித்தது என்றால் எழுதுவாள். எழுதினால் நாயைப் பிடித்து வைப்பார்கள், பயணம் நிற்கும், அடுத்த வீட்டு அம்மாள் வேறு போன் செய்திருப்பார். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, "இல்லை" என்றேன்.

நகராண்மைக் கழகத்திலிருந்து யாரும் வரவில்லை. என்றாலும் கேட்டில் ஏதாவது வண்டி நின்றால் கோப்பியைக் குளியலறையில் ஒளித்தேன். பட்டியைப் பிரித்து, என் பழைய பருத்திப் புடவையில் ஒரு துண்டு வெட்டி உள்ளே தைத்தேன். கேரட்டை வாயில் வைத்துக்கொண்டு அது சட்டையை மறந்தே போனது. எல்லாம் சரியாகிக்கொண்டு வந்தது, என்னைத் தவிர. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒரு கிளாஸ் தண்ணீரை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்ப்பேன், பயம் வருகிறதா என்று. பயம் வரும். தண்ணீரைப் பார்த்தா, பால்காரரை நினைத்தா என்று பிரிக்க முடியாது. குடித்துவிட்டுக் கோப்பியின் கிண்ணத்தைப் பார்ப்பேன், அது குடித்திருக்கிறதா என்று. என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, அவர் இந்த ஊர்க்காரர், சிரிப்பார்.

எட்டாம் நாள் ஆரணி காணொளி அழைப்பில் கட்டிலைத் தட்டிக் காட்டினாள். "மா, கோப்பி இங்க என் பக்கத்துலதான் படுக்கும். தலகாணிகூட வாங்கிட்டேன்." அந்தத் தலையணையில் விசர் நாய் ஒன்று படுத்தால் என்று நினைத்துப் பார்த்தேன். நான் ஒளித்தது என் விரலை மட்டும் அல்ல. அன்றே டாக்டரிடம் போய் விரலை நீட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல ஆன்ட்டி. கோப்பிக்கு வெறிநோய் ஊசி போட்டிருக்கு, அதுக்கு ஒன்னுமில்ல. நீங்க எட்டு நாளா இப்படியே இருந்தீங்களா?" என்றாள். என்னை ஊசி போட்டுக்கொள்ளக் கிளினிக்குக்கு அனுப்பினாள். கடித்த நாளிலிருந்து பத்து நாள் முடியும்வரை நாயைக் கவனித்து, திரும்பவும் பார்த்துவிட்டுத்தான் பயணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். விமானம் ஒரு வாரம் பிந்தியது. கையெழுத்து விழுந்த நிமிடம் நெஞ்சு லேசாகும் என்று இருந்தேன். அத்தனை நாளும் நாய் கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தவள், இனி அது போகத்தான் போகிறது என்று அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் ஒரு தமிழ் ஆள் கூண்டைச் சரிபார்த்தார். நீலச் சட்டையை ஒரு பையில் போட்டுக் கூண்டின் வெளியே கட்டியிருந்தேன். கோப்பி நடுங்கியது. "அக்கா, ஒங்க துணி ஏதாச்சும் இருந்தா வைங்க. வாசம் பட்டா அழாம போயிரும்" என்றார். தோளில் இருந்த துப்பட்டாவை எடுத்து உள்ளே வைத்தேன். அது மூக்கைப் புதைத்தது, நடுக்கம் நின்றது. எனக்கு அழுகை வந்தது. இரண்டு கடல் தாண்டி என் மணம் போகிறது என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன். அடுத்த கணம் துப்பட்டாவின் முனை கடைவாய்க்குப் போனது.

இருபது மணி நேரத்துக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள். குடலில் சிக்க ஒரு முழத் துணி போதும். கூண்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். கையை நேரே அதன் வாய்க்குள் விட்டு, பல்லுக்கு நடுவில் சிக்கிய நூல்வரை இழுத்து எடுத்தேன். அது விட மாட்டேன் என்று பிடித்தது, பிறகு விட்டது. என் விரலைக் கடிக்கவில்லை. வெறும் கூண்டில் அதை வைத்துக் கதவைச் சாத்தினோம். தள்ளுவண்டி திரும்பும்வரை அது ஊளையிட்ட சத்தம் கேட்டது.

வரும் வழியில் காரில் ஆரணி அழைத்தாள். "மா, ஒங்க துணி ஏதாச்சும் உள்ள வச்சீங்களா? அழுதுச்சா?"

"ஒண்டும் வைக்கேல்லைப் பிள்ளை" என்றேன். "அழேல்லை."

துப்பட்டா மடியில் கிடந்தது. எச்சிலில் ஊறிக் கிழிந்த முனை ஏர்கோன் காற்றில் சில்லென்று இருந்தது. ஜன்னல் பக்கத்து முனை வெயிலில் சுட்டது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.