லோர்னா வைத்த இரண்டாவது சுவிட்ச்

ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான டூவும்பாவில் வண்டிக்கு வயரிங் என்றால் லோர்னா ஷ்மிட்தான். என் டிங்கரிங் கொட்டகைக்கு அடுத்த கொட்டகை அவளுடையது. முப்பது வருடத்தில் அவள் செய்த வேலை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிரும் அவளுக்கு உண்டு.

அவள் கணவன் கிளைவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஆனால் எங்கள் வண்டிகளில் கியர் கம்பி இடது கைப் பக்கம். ஆட்டோமேட்டிக்தான் என்றாலும், பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடான கேரவனோடு மலைச்சாலையில் இறங்கும்போது கியரை நாமே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ஓட்ட முடியாத கிளைவ் செத்தவனுக்குச் சமம். அவனே அப்படித்தான் சொன்னான்.

லோர்னா கியர்பெட்டிக்குப் போகும் வயர்களைப் பிரித்து, ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் இரண்டு பொத்தான்கள் வைத்தாள். ஒன்று கியரை ஏற்ற, மற்றது இறக்க.

"ஏய் கிழவி, பந்தயக் கார்ல கூட இப்படி இருக்காதுடி!" என்று குதித்தான் கிளைவ்.

"வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாருய்யா."

வண்டியின் கம்ப்யூட்டரை ஒதுக்கி வயர் இழுத்தால், கியரைப் பழையபடி அதனிடமே ஒப்படைக்க இன்னொரு சுவிட்சும் வைப்பது வயரிங் தொழிலில் வழக்கம். அது ஓட்டுகிறவர் கைக்கு எட்ட வேண்டும். லோர்னா அதை, பக்கத்து சீட்டில் உட்காரும் தன் முழங்காலுக்கு நேரே, டாஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். அவனிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். நானும் புத்தி கெட்டு, "நல்லதுதான்" என்றேன்.

ஈஸ்டருக்குக் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். இறக்கத்தில் கிளைவ் இரண்டாம் கியருக்குக் குறைத்தான். எஞ்சின் அலறியது. அலறத்தான் செய்யும், லோர்னாவுக்குத் தெரியாததா? ஆனால் அந்த நொடியில் பக்கத்தில் இருந்தவன் அவள் கண்ணுக்கு நோயாளியாகத்தான் பட்டான். சுவிட்சைத் தட்டிவிட்டாள். வண்டி மேல் கியருக்குத் தாவியது. கேரவன் பின்னாலிருந்து தள்ளியது. கிளைவ் பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினான், ஒன்றும் நடக்கவில்லை. பிரேக் புகையப் புகைய, ஓரத்துச் சரளையில் ஏற்றி நிறுத்தினான். ஒற்றைக் கையால்.

அப்போதுதான் அவள் கை இருந்த இடத்தைப் பார்த்தான். இறங்கிச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து சாவியை நீட்டினான். அதன்பின் உயிரோடு இருந்த நான்கு வருடமும் அவன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே லோர்னா அந்தச் சுவிட்சைப் பிடுங்கி எறிந்தாள். என் கண்ணெதிரே அவனிடம் அழுதாள்.

"எடுத்துட்டேன்யா. வந்து ஓட்டுய்யா."

"சுவிட்ச எடுத்துட்ட, சரி," என்றான் கிளைவ். "பக்கத்துல நீதான உக்காருவ?"