அண்ணன் வந்தால்தான் கருவாடு

இன்று காலை எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கொதித்துப் போயிருந்தார். யாரோ கருவாடு பொரிக்கிறார்களாம், வாடை லிஃப்ட்டுக்குள்ளேயே வந்துவிட்டதாம், கொஞ்சமாவது இங்கிதம் வேண்டாமா என்று. நான் படித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டிவிட்டாள்.

"ஆன்டி, நீங்களா?"

"எங்க வீட்ல இன்னும் அடுப்பே பத்த வைக்கல லா."

அவள் நம்பவில்லை. நாங்கள் சிலோன்காரர்கள், பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கே கருவாடு மணத்தாலும் எங்கள் பெயர்தான் முதலில் அடிபடும். அவள் போனபிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு மாடி மாடியாக இறங்கி மோப்பம் பிடிக்கத் தொடங்கினேன். இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்பீர்கள். தேவையில்லைதான். ஆனாலும் இரண்டு மாடி இறங்கியதும் கண்டுபிடித்துவிட்டேன். கூராவ் மீன் கருவாடு, தேங்காயெண்ணெயில்.

கூராவ் வாங்கக் கிள்ளானுக்குத்தான் போகவேண்டும் என்பது அப்பாவின் கட்சி. அப்பா ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. சனிக்கிழமை ரயிலேறிப் போய், கிள்ளான் பாசாரில் ஒரு சீனக் கிழவரிடம் அரைமணி நேரம் மலாயில் வாதாடி, பேப்பரில் சுற்றிய ஒரு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். வண்டியில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அது அவருக்கு வசதியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அதை ஊறவைத்து உப்பை இறக்கி, சின்னத் துண்டுகளாக வெட்டி, வெங்காயம், காய்ந்த செத்தல் மிளகாயோடு பொரித்து, மேலே எலுமிச்சை பிழிவார். பக்கத்து அடுப்பில் பிட்டு அவியும். அம்மா பிறந்தது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவு. அங்கே விடிந்தால் இதுதான் சாப்பாடாம். நான் அந்தத் தீவைப் பார்த்ததில்லை, பார்க்கவேண்டும் என்று தோன்றியதுமில்லை. சூடான பிட்டில் கருவாட்டை உதிர்த்துப் பிசைந்தால் எனக்கு வேறெதுவும் ஞாபகம் வராது.

பெட்டாலிங் ஜெயாவில் முதல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு திங்கட்கிழமை, மிஞ்சிய கருவாட்டை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஏர்கான் ஆபீஸ். திறந்ததுதான் தாமதம், அந்தக் கோடியிலிருந்து மேனேஜர் எழுந்து வந்து, ஏதாவது வயர் கருகுகிறதா என்று கேட்டார். ஆமாம் சார் என்று நானும் சேர்ந்து தேடினேன். டெக்னீஷியனைக்கூட வரவழைத்தார்கள். பாவம் அந்த மனுஷன், சுவர் சுவராக முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். ஆனால் அதற்கு முன்பே அவன் போய்விட்டான். பெர்த்தில் படிக்கப்போய், அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிறகுதான் கடிதம் போட்டான். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அப்பா பதில் எழுதினார். இரண்டு பேரும் ஒரே அச்சு. அவர் சொன்னதை மாற்றவில்லை, இவன் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அம்மா பொரித்தார். எல்லாருக்கும் வைத்தார். தன் தட்டில் வெறும் பிட்டும் வாழைப்பழமும்.

"அவன் வந்து இந்த மேசையில இருந்து ஒரு வாய் தின்னட்டும். அதுக்குப் பிறகுதான் நான் கருவாட்டைத் தொடுவன்."

குரலை உயர்த்தவில்லை. எங்கள் பெண்கள் பிள்ளைக்குக் காய்ச்சல், பரீட்சை என்று இப்படி எதையாவது விட்டுவிடுவது வழக்கம்தான்; காரியம் முடிந்ததும் சாப்பிட்டுவிடுவார்கள். இதுவும் தீபாவளிக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். வாரா வாரம் அம்மா பழத்தைப் பிசைந்துகொண்டிருப்பார், எதிரே அப்பா தலையைத் தூக்காமல் சாப்பிடுவார். ஒருநாள் தாங்கமுடியாமல், "இனிப் பொரிக்க வேண்டாம்" என்றார். அம்மா அடுத்த வாரமும் பொரித்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸை உடைக்கப் போகிறார்கள் என்று செராஸுக்கு மாறினோம். அப்பா காலமானது அங்கேதான். அதற்கும் அண்ணன் வரவில்லை. போனில் மட்டும் பேசத் தொடங்கினான். பிறகு நானும் அம்மாவும் மறுபடி பிரிக்ஃபீல்ட்ஸுக்கே வந்தோம். அந்த மேசையும் கூடவே வந்தது. "இந்த மேசை" என்று அம்மா சொல்லியிருந்தாரே, விட்டுவிட்டு வர முடியுமா? லோரிக்காரப் பையன்கள் படிக்கட்டில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது தமிழிலும் மலாயிலும் என்னைத் திட்டினார்கள்.

ஒருவழியாக அண்ணன் வருவதாகச் சொன்னான். நான் கிள்ளானுக்கு ஓடி நல்ல துண்டாகப் பார்த்து வாங்கி வந்தேன். அம்மா மாவை வறுத்து வைத்தார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. தேதியைச் சொல்லும்போதுதான் அண்ணன் பெருமையாகச் சொன்னான், தீபாவளி முடிந்ததும் டிக்கெட் மலிவாம், பார்த்துப் போட்டிருக்கிறானாம்.

தீபாவளி முடிந்தால் கந்தசஷ்டி. பெர்த்தில் இருப்பவனுக்கு அது எங்கே தெரியும்? அவன் வந்திறங்கிய நாளிலிருந்து போகிற நாள் வரை முழுக்க விரதம். அந்த நாட்களில் அம்மா பாலும் பழமும்தான். வீட்டுக்குள் மீன், கருவாடு என்று எந்த மச்சமும் நுழையக்கூடாது. நான் வாங்கிய கருவாட்டை விரதம் தொடங்குமுன்பே யாருக்கோ கொடுக்கச் செய்துவிட்டார்.

அண்ணன் அதே மேசையில் உட்கார்ந்து பருப்பும் சோறும் சாப்பிட்டான். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். சூரன் போர் அன்று காலையில் அவனுக்கு விமானம். மறுநாள் விரதம் முடிந்துவிடும். ஒருநாள், ஒரே ஒருநாள் தள்ளினால் போதும்.

"டிக்கெட்டை மாத்து லா. உனக்காகத்தானே இத்தனை வருஷம் சாப்பிடாம இருக்காங்க."

"திங்கக்கிழமை வேலை இருக்கு, தங்கச்சி. கட்டாயம் போகணும்."

எனக்கு அவனைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. அம்மாதான் தடுத்தார். "விடு பிள்ளை. வரத் தொடங்கீட்டான் தானே. அடுத்தமுறை நாள் பாத்து வரட்டும்." அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அடுத்தமுறை அவன் வந்தது அம்மாவின் காரியத்துக்கு.

எட்டாம் நாள் படையலுக்கு, போனவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து இலையில் வைப்பது எங்கள் வழக்கம். மீன், இறைச்சி எல்லாம் உண்டு. கருவாடு வைக்கக்கூடாது என்றேன் நான், அவர் கடைசிவரை அதைத் தொடவில்லையே. அண்ணன் விடியுமுன் எழுந்து போய் எங்கிருந்தோ வாங்கி வந்து, தெரிந்த மட்டில் ஊறவைத்து, அவனே பொரித்தான். பாதி கருகிவிட்டது. பிட்டும் கட்டிகட்டியாக இருந்தது.

படைக்குமுன் யாரும் வாயில் வைக்கக்கூடாது. அவனோ அம்மா சொன்ன அதே மேசையில் உட்கார்ந்து ஒரு வாய் பிசைந்து தின்றான். என்னைப் பார்த்தான். "இப்ப அம்மாவுக்கு வைக்கலாம்" என்றான். நான்தான் அள்ளி இலையில் வைத்தேன்.

இப்போது அண்ணன் நினைத்தால் வருகிறான். ஞாயிறென்ன, வெள்ளியென்ன, நாங்கள் இரண்டு பேரும் எந்த நாளிலும் எதை வேண்டுமானாலும் தின்னலாம். எங்களுக்காக ஒன்றை வாயில் வைக்காமல் இருக்கத்தான் இனி ஒருவரும் இல்லை.