கிருத்திகையன்று மீன்முள்

திருத்தணிக்குக் குடிவந்த முதல் வாரமே குப்பை வண்டிக்கார அம்மா சட்டத்தைச் சொல்லிவிட்டார். மக்குவது தனி, மக்காதது தனி. வாசலில் வைக்கக் கூடாது, கையில்தான் கொடுக்க வேண்டும். "வெச்சிட்டுப் போனீங்கன்னா கொரங்கு தெருவெல்லாம் எறச்சிடும். அப்புறம் ஃபைன் போடுவாங்க."

நியாயம்தான். ஆனால் வண்டி தெருவுக்குள் நுழையும்போது என் சென்னை ரயில் அரக்கோணத்தைத் தாண்டியிருக்கும். தனியாளான எனக்காக எதிர்வீட்டு அக்காதான் தினமும் வாளியை வாங்கிவைத்துக் கொடுப்பார். ஒருநாள் காலை மட்டும் கையை நீட்டவில்லை.

"உள்ள மீனா?"

"ஆங், நேத்து செஞ்சது."

"இன்னிக்குக் கிருத்திகைங்க. நான் தொட மாட்டேன்."

இந்தச் சட்டத்தை எனக்கு யாருமே சொல்லவில்லை. எதிர்க்கூரையில் ஒரு குரங்கு எங்கள் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தது. பூட்டிய வீட்டுக்குள் வைத்தால் நாறிவிடும்; எரிச்சலோடு முள்ளை நாலு கவரில் சுற்றி, ஆபீஸ் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

ரயில் பெட்டி முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்தார். "இன்னா சார், கிருத்திகையும் அதுவுமா மீன் கொழம்பா?"

சென்னையில் இறங்கியதும் பிளாட்பாரத் தொட்டியைத் தேடிப் போனேன். பெருக்கிக்கொண்டிருந்த பெண் என் கையைப் பார்த்துவிட்டார். "வூட்டுக் குப்பைய இங்க போடாத சார்." அதுவும் நியாயம்தான். எந்த ஊரில் நின்றாலும் நியாயம் எதிராளி பக்கமே இருக்கிறது.

சாயங்காலம் அதே பையோடு திரும்பினேன். அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"நாளைக்குக் குடுங்க, வாங்கிக்கிறேன். பகலெல்லாம் எங்க வெச்சிருந்தீங்க?"

"சென்னைக்குக் கூட்டிகினு போயிருந்தேன்" என்றேன்.