சிஞ்ஞோராவின் குதிரைகளும் என் நேர்த்தியும்

இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து வீடு துடைத்திருக்கிறேன், பிள்ளை பார்த்திருக்கிறேன், வயது போனவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன். ஆனால் எந்தக் குதிரை வெல்லும் என்று கணித்துப் பார்க்கிற வேலையும் ஒருநாள் என் தலையில் விழும் என்று எங்கள் ஊர் மன்னாரில் எவராவது சொல்லியிருந்தால், உனக்கென்ன விசரோ என்று கேட்டிருப்பேன். அதுவும் சும்மா ஓடுகிற குதிரை இல்லை. வேலி, பற்றை, தண்ணீர்க் கிடங்கு எல்லாவற்றையும் பாய்ந்து பாய்ந்து ஓடுகிற குதிரை.

எல்லாம் நான் வேலை பார்க்கிற வீட்டு அம்மா, என் சிஞ்ஞோராவால் வந்த வினை. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தனியே இருக்கிறார். எண்பதைக் கடந்தவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. காலையில் நாங்கள் இருக்கிற சீசாப் பகுதியில் பஸ் ஏறினேன் என்றால் பின்னேரம் வரை அவருடன்தான். அவர் பேசுவது இத்தாலியன். ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் சொல்வதெல்லாம் என் காதில் எங்கள் தமிழாகத்தான் விழுகிறது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த வருடக் கோடையில் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. எலும்பு பொருந்திவிட்டது, இனி நடக்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர். மனுசி நடந்தால்தானே! காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை முறைத்தே விரட்டினார். கட்டிலில் இருந்து கதிரைக்கு நான் தூக்க வேண்டும், கதிரையில் இருந்து கட்டிலுக்கும் நான்தான் தூக்க வேண்டும். "எழும்புங்கோ சிஞ்ஞோரா" என்றால் "நாளைக்கு" என்பார். அந்த நாளை வரவே இல்லை.

மிலானில் இருக்கிற அவருடைய அண்ணன் மகன் என்னிடம் போனில் சொன்னார். "கிறிஸ்மஸுக்கு வாறன். அப்பவும் மாமி நடக்காட்டி வீட்டைப் பூட்டிப்போட்டு முதியோர் இல்லத்தில விடுறதுதான் வழி. நீங்களும் எவ்வளவு காலத்துக்குத் தூக்குவியள்?"

கெட்ட மனிதர் இல்லை. சொன்னதும் நியாயம். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். தன் வீட்டு யன்னல் திறக்கிற நேரத்தைக்கூடத் தானே தீர்மானிக்கிற மனுசி அது. மணியடித்துச் சாப்பாடு கொடுக்கிற இடத்தில் ஒரு மாதம் தாங்காது. அதை நினைத்து பஸ்ஸில் அழுதிருக்கிறேன். பக்கத்தில் இருந்த சிசிலிக்கிழவி ஒருத்தி எனக்கு இனிப்புத் தந்தாள்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் மட்டும் சிஞ்ஞோராவுக்கு உயிர் வரும். தொலைக்காட்சியில் பாய்ச்சல் குதிரைப் பந்தயம். வடக்கே மலையடிவாரத்து மெரானோவிலிருந்து வரும், பிரான்சிலிருந்து வரும், மழை கொட்டுகிற அயர்லாந்திலிருந்தும் வரும். கணவர் இருந்த காலத்தில் ஒவ்வொரு இலையுதிர் காலமும் இருவரும் மெரானோவுக்குப் போவார்களாம். நான் இஸ்திரிப்பெட்டியால் துணி மினுக்கிக்கொண்டு அரைக்கண்ணால் பார்ப்பேன். ஒரு சனி, ஒரு கபிலக் குதிரை வேலியில் இடறி விழுந்தது, உடனே எழும்பி உதறிக்கொண்டு ஓடியது. என் வாய் சும்மா இருந்தால்தானே.

"பாருங்கோ, வாயில்லாச் சீவன் விழுந்தும் எழும்பி ஓடுது. நீங்கள் மட்டும் படுத்திருங்கோ."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். சிஞ்ஞோரா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். சரி, இன்றோடு என் சீட்டுக் கிழிந்தது என்று நினைத்தேன்.

"உனக்கு அவ்வளவு தெரியுமெண்டால் என்னோட பந்தயம் கட்டு," என்றார்.

"காசு வைச்சு விளையாடமாட்டன் சிஞ்ஞோரா. கோயிலுக்குப் போறனான்."

"ஆர் காசு கேட்டது? ஒவ்வொரு சனியும் ஆளுக்கொரு குதிரை. என்ரது முன்னுக்கு வந்தால் அந்தக் கிழமை முழுக்க 'எழும்புங்கோ' எண்ட சொல்லே உன்ர வாயில வரக்கூடாது. உன்ரது வந்தால் நீ சொல்லுற இடம்வரை நடக்கிறன்."

அப்படித்தான் தொடங்கியது. நானும் மடைச்சி மாதிரி, கோயிலில் கும்பிடுகிற அர்ச்சிஷ்டர் ஒருவரின் பெயர் வைத்த குதிரை ஒன்றைப் பார்த்துப் பிடித்தேன். அது முதல் வேலியிலேயே நின்றுவிட்டது, அர்ச்சிஷ்டருக்கே வெட்கம். அடுத்த சனி மாதாவின் நீல நிறத்தில் சட்டை போட்ட ஜொக்கி ஏறிய குதிரை. கடைசி. சிஞ்ஞோரா கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் கிழமை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். வாயைப் பொத்துவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் மனுசனைக் கேட்டால் தெரியும்.

பிறகு கட்டடக் காவல்காரரிடம் போனேன். மொறீசியஸ்காரர். பாட்டன் வழியில் தமிழ்ப் பெயர் இருக்கிறது, காவடியும் எடுப்பார், தமிழ் மட்டும் வராது. எங்களுக்குள் இத்தாலியன்தான். அவருடைய தீவில் குதிரை என்றால் சனம் சோறு தண்ணி மறந்து நிற்குமாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "வேகமான குதிரையைப் பிடியுங்கோ அக்கா. வேகம்தான் எல்லாம்." பிடித்தேன். அது அம்பு மாதிரிப் போனது, பாதிவழியில் வேலியின் மேல் ஏறிப் படுத்தது. அடுத்த முறையும் அதே கதை. அவரைப் பிடித்து ஏசினேன். தலையைச் சொறிந்தார். "எங்கட ஊர்க் குதிரை ஓட மட்டும்தான் ஓடும் அக்கா, பாயிறேல்லை."

இதை முதலே சொல்லியிருக்கலாம் அல்லவா!

சரி, அடுத்தவன் புத்தி ஆகாது என்று நானே பார்க்கத் தொடங்கினேன். பந்தயத்தாளில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் அதன் பழைய ஓட்டங்கள் இருக்கும். எத்தனையாவதாக வந்தது என்பதற்கு இலக்கம், விழுந்ததற்கு ஓர் எழுத்து, ஜொக்கி இடையில் நிறுத்தியதற்கு இன்னோர் எழுத்து. முதலில் எழுத்து விழுந்த குதிரைகளை எல்லாம் ஒதுக்கினேன். பிறகு பழைய ஓட்டங்களைப் போனில் போட்டுப் பார்க்கப் பார்க்க, அது பெரிய பிழை என்று தெரிந்தது. முதல் வேலியில் விழுகிற குதிரைக்குப் பாயத் தெரியாது. கடைசி வேலிவரை முன்னுக்கு ஓடி, களைப்பில் ஒரு கால் தட்டி விழுகிற குதிரை வேறு. அதைக் கொஞ்சம் குறுகிய ஓட்டத்தில் விட்டால் வெல்லும். மழை பெய்த தரையில் இழுத்து இழுத்து ஓடுகிற பெரிய குளம்புக்காரன், காய்ந்த தரையில் ஒன்றுக்கும் உதவமாட்டான். நிறைய வென்ற குதிரையின் முதுகில் கூடுதல் பாரம் ஏற்றுவார்கள். அந்தப் பாரத்தோடு சேற்றில் கடைசி ஏற்றம் ஏறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, விழுந்த குதிரை அடுத்தமுறை வேலியைக் கண்டதும் காதை எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். காது முன்னுக்கு நின்றால் பயம் விட்டுவிட்டது.

எங்கள் வீட்டில் கறிச்சட்டி அடிப்பிடிக்கிற மணம் வரும்வரை நான் குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனுசன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக் களைத்து வந்து நின்று கேட்பார். "இஞ்சேருமப்பா, எங்களுக்கும் புல்லுத்தானோ இண்டைக்கு?"

இவ்வளவு படித்தும் எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் எங்கள் ஆட்கள் எதற்கும் செய்வதைச் செய்தேன். சாந்தா ரொசாலியாவுக்கு நேர்ந்தேன். பலெர்மோவில் எங்களுக்கு விசா, வேலை, பிள்ளைப்பேறு எது என்றாலும் மலைக்குகையில் படுத்திருக்கிற அந்தப் புனிதையிடம்தான் போவோம். 'தாயே, என் குதிரை வெல்ல வேண்டும், வென்றால் வெறுங்காலோடு மலை ஏறுகிறேன்.' மனுசனுக்குச் சொன்னபோது அவர் கோப்பியைத் துப்பிவிட்டார்.

"குதிரைக்கு நேர்த்தியோ? சூதாட்டத்துக்கு அவவைக் கூப்பிட்ட ஒரே ஆள் நீர்தான்!"

"குதிரைக்கில்லையப்பா, சிஞ்ஞோராவின்ர காலுக்கு. குதிரை இடையில நிக்கிற தரகர்."

அந்தச் சனி என் குதிரை வென்றது. நான் மினுக்கிக்கொண்டிருந்த தலையணை உறையைத் தூக்கி எறிந்துவிட்டுத் துள்ளினேன். சிஞ்ஞோரா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "வாக்கு வாக்குத்தான்" என்று கையை நீட்டினார். என் தோளைப் பிடித்து யன்னல்வரை நடந்தார். திட்டித் திட்டி நடந்தார், ஆனால் நடந்தார். அடுத்த சனியும் வென்றேன், குசினிவரை. அதற்கடுத்தது தோற்றேன். பிறகு திரும்பவும் வென்றேன், வாசல்வரை போகிற விறாந்தை முழுக்க. ஞாயிறு பூசை முடிந்ததும் வெறுங்காலோடு மலை ஏறினேன். காவல்காரரும் கூட வந்தார். அவருக்கு முருகனும் ஒன்றுதான், ரொசாலியாவும் ஒன்றுதான். கல்லுப் பாதை உள்ளங்காலைக் குத்தியது. மேலே போய் நின்றபோது சந்தோசத்தில் எனக்குக் கால் இருப்பதே தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. சிஞ்ஞோரா பிடிக்கிற குதிரைகள் வரவர மோசமாகின. சேற்றுத் தரைக்குக் காய்ந்த தரைக் குதிரை, நீண்ட ஓட்டத்துக்கு மூச்சில்லாத குதிரை. வயது போகப் போகக் கண்ணும் புத்தியும் மங்குகிறது என்று பரிதாபப்பட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும்தானே.

கிறிஸ்மஸுக்கு முன் கடைசிச் சனி வந்தது. அண்ணன் மகன் மறுநாள் வருகிறார். சிஞ்ஞோராவே சொன்னார். "இண்டைக்கு நீ வெண்டால், அவன் மணியடிக்கேக்க நானே தனியப் போய்க் கதவு திறப்பன். பிடிக்கக் கூடாது. நான் வெண்டால் கட்டில்லயே இருப்பன். வாறது வரட்டும்."

பந்தயத்தாளை இரண்டு தரம் வாசித்தேன். நான் பிடித்தது நிதானமான ஒரு கறுப்புக் குதிரை. சேறு பிடிக்கும், விழுந்து எழும்பியது, காது முன்னுக்கு. சிஞ்ஞோரா பிடித்ததோ கிழட்டு வெள்ளை. அதிக பாரம், பழைய ஓட்டமெல்லாம் எழுத்துத்தான். என் உள்ளம் குளிர்ந்தது. ஆனால் அன்று அந்தக் கிழட்டு வெள்ளைக்கு என்ன பேய் பிடித்ததோ, மாதாவே! வேலி வேலியாகப் பறந்தது. கடைசி வளைவில் என் கறுப்பனை விட்டு விலகி முன்னுக்குப் போய்விட்டது. நான் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். பக்கத்தில் சிஞ்ஞோராவின் மூச்சும் நின்றுவிட்டதுபோல இருந்தது. திறந்து பார்த்தால், கடைசி வேலியில் வெள்ளை ஒரு உதறு உதறியது, ஜொக்கி புல்லில் குந்தியிருக்கிறான். குதிரை ஆளில்லாமலே வாலை ஆட்டிக்கொண்டு முதலாவதாக வந்து சேர்ந்தது. பின்னால் என் கறுப்பன்.

நான் சண்டைக்குத் தயாரானேன். ஒரு தக்காளி குறைந்தாலும் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்கிற மனுசி, 'என் குதிரைதான் முதல்' என்று நிற்கும் என்று தெரியும். ஆனால் சிஞ்ஞோரா அவசரம் அவசரமாகச் சொன்னார்.

"ஆளில்லாட்டிக் கணக்கில்லை. சட்டம் அதுதான். நீ வெண்டிட்டாய்."

மறுநாள் மணி அடித்தது. சிஞ்ஞோரா சிவப்புச் சால்வையைப் போட்டுக்கொண்டு எழும்பினார். நான் சுவரோடு சுவராக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். விறாந்தை அன்று வியா மக்வேதாத் தெரு அளவுக்கு நீண்டு கிடந்தது. ஒருமுறை தடுமாறினார், சுவரைத் தொட்டார், நின்றார், போனார், கதவைத் திறந்தார். வெளியே நின்ற அண்ணன் மகன் கையிலிருந்த கேக் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். அவரும் அழுதார், நானும் அழுதேன். "கதவை மூடுங்கோ, குளிருது," என்றார் சிஞ்ஞோரா.

இல்லம் என்ற பேச்சே எழவில்லை. சாப்பாட்டு மேசையில் நான் பெருமையாகப் பந்தயக் கதையை அவிழ்த்துவிட்டேன். அண்ணன் மகன் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் மாமியை வெண்டனீங்களோ? குதிரையிலயோ? மெரானோவில குதிரை வைச்சிருந்தவையே மாமியிட்டக் கேட்டுத்தான் எந்த ஓட்டத்தில விடுறதெண்டு முடிவெடுக்கிறவை. அவ தோத்ததை நான் ஒருநாளும் காணேல்லை."

சிஞ்ஞோரா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மெல்ல மெல்ல உறைத்தது. அண்ணன் மகன் போய்ப் படுத்ததும் நான் சிஞ்ஞோராவின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"வேணுமெண்டே தோத்து என்னைப் பேய்க்காட்டியிருக்கிறியள்."

"ஓம்."

"ஏன்? நடக்க விருப்பமெண்டால் நடந்திருக்கலாமே!"

"பயமா இருந்தது," என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. "ஆக்கள் கெஞ்சி எழும்பினால் நான் ஒரு நோயாளி. தோத்து எழும்பினால் வாக்கைக் காப்பாத்திற மனுசி. உனக்கும் கொஞ்சம் குதிரை பார்க்கத் தெரியவேணும் எண்டு காத்திருந்தன். முதல் நீ பிடிச்சதுகளுக்கு என்னால தோக்கவும் ஏலாமல் கிடந்தது."

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்ப நான் கால் தேய மலை ஏறினது வீணோ? நேத்தும் உங்கட வெள்ளை வெல்லப்போகுதெண்டு செத்துப் பிழைச்சன். திரும்பவும் நேர்ந்தனான் தெரியுமோ?"

சிஞ்ஞோரா சால்வை நுனியைப் பிடித்துத் திருகினார்.

"அந்த வெள்ளை அப்படி ஓடுமெண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. கடைசி வேலிக்கு முன்னால, வெண்டிடப் போகுது, இனி நான் கட்டில்லதான் எண்டு நினைச்சன். நானும் நேர்ந்தனான்."

"ஆருக்கு?"

"உன்ர ஆளுக்குத்தான். உங்கட சனம் எந்த ஞாயிறு ஏறுது? என்னையும் கூட்டிக்கொண்டு போ."

வாசல்வரை காரில் போகலாம், அங்கிருந்து படிகளை மட்டும் ஏறினால் போதும் என்று நான் சொல்லச் சொல்ல, சிஞ்ஞோரா குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.