பதுங்குகுழி விதி

தோற்றால் எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தக் குணம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

புதுவாயல் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அண்ணனும் நானும் ஒரு போர் விளையாட்டு ஆடுவோம். பழைய ஐரோப்பியச் சண்டை. அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், படைகளுக்கு அட்டைத் துண்டுகள். விதிப்புத்தகம் முழுக்க இங்கிலீஷ். அண்ணன் பத்தாவதோடு கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனிக்குப் போனவன். "என் தங்கச்சி இங்கிலீஷை தண்ணியா குடிப்பா" என்று ஷிப்ட் ஆட்களிடம் பீற்றிக்கொள்வான். நான் படித்துச் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

நகராமல் நிற்கும் படை பதுங்குகுழி வெட்டிக்கொள்ளலாம். அடி பலமானால் குழியை விட்டுவிட்டுப் பின்வாங்கலாம். அண்ணன் அதில் கில்லாடி. நான் நெருங்கினால் நழுவி ஆளைக் காப்பாற்றிக்கொள்வான், அடுத்த சுற்றில் என்னை முடிப்பான். நாலு வாரம் தொடர்ந்து தோற்றேன். ஐந்தாம் வாரம் புத்தகத்தைப் புரட்டுவதுபோலப் புரட்டிவிட்டு, வாய் கூசாமல் சொன்னேன்.

"இத்தினி நாளா தப்பா ஆடிக்கினு இருந்தோம்ணா. குழியில எறங்கிட்டா பின்வாங்கக் கூடாதாம்."

"அப்டியா போட்டுக்கீது?" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் நான்தான் ஜெயித்தேன்.

சில வருஷத்தில் அவனுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. உலைப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை தயாராக இருந்தது. உலையில் நின்றவன் போய் அட்டைப்பெட்டி எண்ணுவதா என்று அவனுக்கு வீம்பு. கெஞ்சினேன், கத்தினேன்.

"குழியில எறங்கியாச்சு. பின்வாங்கக் கூடாது. நீதான சொன்ன?" என்று சிரித்தான்.

கேலிதான். எனக்குச் சுருக்கென்றது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏமாற்றி ஜெயித்தவள் என்று ஆகிவிடுமே என வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்து அழாத நாள் இல்லை.

உலையை விடாமலே இருந்து கடைசியில் அவன் ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தபோது, விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் பதுங்குகுழிப் பக்கத்தை விரித்துக் காட்டினேன்.

"அண்ணா, குழியில இருந்தாலும் பின்வாங்கலாம்னு போட்டுக்கீது. குழிதான் போவும். ஆளு பொழைச்சிக்குவான்."

புரியாத அந்த வரிகளை வெகுநேரம் பார்த்தான். என்மேல் அவனுக்குத் துளி சந்தேகமில்லை.

"எப்ப மாத்துனாங்க?" என்றான்.

"இப்பதாண்ணா," என்றேன்.