கரண்டுலதானே ஓடுது

கண்டி மாநகர சபையில் முப்பது வருடம் கிளார்க்காகக் குப்பை கொட்டிய அழகமுத்து, கார் வாங்க ஆசைப்பட்டதே மனைவி பிரேமிளாவுக்காகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெல்தெனிய நீர்த்தேக்கக் கரையில், சொந்தபந்தம் யாருமில்லாமல், கட்டிச் சோற்றோடு இருவர் மட்டும் உட்கார வேண்டும். இருபத்தாறு வருடத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

பெட்ரோல் வண்டிக்கும் ஹைபிரிட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கராஜ்கார மக்கீன் விளக்கினார். "சேர், சும்மா பெட்ரோல் வண்டின்டா கரச்சல் இல்ல, பழுதானா எவனும் திறந்து பாப்பான். மைல்ட் ஹைபிரிட்ல சின்ன பெட்டரி ஒண்டு இஞ்சினுக்குக் கை குடுக்கும். சிக்னல்ல நிண்டா இஞ்சின் தானா ஓஞ்சிடும், பெட்ரோல் கொஞ்சம் மிச்சம். ஆனா பெட்டரி தனியா வண்டிய இழுக்காது."

கண்டி நெரிசலை நினைத்து அழகமுத்து ஹைபிரிட்டையே வாங்கினார். அதில் தப்பில்லை. தப்பெல்லாம் வாயால் வந்தது. கோயில் வாசலில் பூசை முடிந்து, டயர் எலுமிச்சம்பழத்தை நசுக்கி நின்றதும் இஞ்சின் ஓய்ந்தது. "சத்தம் கேக்குதா? எல்லாம் பெட்டரி!" என்று சொந்தக்காரர் கூட்டத்தில் மார்தட்டினார். தேவையா இந்த மனுஷனுக்கு?

நம் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. விசேஷத்துக்குக் காரைக் கேட்டவர்தான் பெட்ரோல் அடிக்க வேண்டும். கண்டவனும் கேட்காமல் இருப்பதற்கு அது ஒன்றுதான் வேலி. எல்லாம் பெட்டரி என்று சொல்லி, அந்த வேலியை அழகமுத்து தன் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறே பிரேமிளாவின் அண்ணன் மூக்கையா வந்து நின்றார். "மாப்பிள்ள, ஹேவாஹெட்டயில ஒரு சடங்கு. ஒங்க வண்டி கரண்டுலதானே ஓடுது, ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்."

"இல்ல மச்சான், பெட்ரோலும்..."

"அட, நமக்குள்ள என்ன!"

அப்புறம் வத்தேகமயில் பெண் பார்க்க, பிறகு ஒரு கருமாதி. மறுத்தால், பெண்டாட்டி வீட்டாரை மதிக்காதவன் என்று பேசுவார்கள், அந்தப் பேச்சைக் கேட்கப்போவதும் பிரேமிளாதான். ஒவ்வொரு ஞாயிறும் அழகமுத்து தன் காசிலேயே பெட்ரோல் அடித்துக்கொண்டு கிளம்பினார்.

பதினோராவது ஞாயிறு, பிரேமிளா கட்டிச் சோற்றைப் பையில் வைத்தாள். "நீங்க அண்ணனக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் தெல்தெனிய பஸ்ல போயிட்டு வர்றேன்."

"கோவமா?"

"இல்லங்க. அலுத்துப்போச்சு."

டவுன் சிக்னலில் கார் நின்றது, இஞ்சின் ஓய்ந்தது. "பாத்தீங்களா, சத்தமே இல்ல!" முன்சீட்டிலிருந்து மூக்கையா பின்னால் இருந்தவர்களுக்குக் காட்டினார்.

பக்கத்தில் தெல்தெனிய பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் பிரேமிளா, மடியில் பை. அவளும் இவரைப் பார்த்தாள். அழகமுத்துவின் கை கதவுக்குப் போனது.

"பச்சை விழுந்துருச்சு, போங்க மாப்பிள்ள."

கை ஸ்டியரிங்குக்கே திரும்பியது. பஸ் முன்னால் நகர்ந்தது. அவளுக்குப் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது.