நாலு கட்டம்

இசைப் பள்ளியில் அவளுக்குக் கைத்தாங்கல் அக்கா என்று பெயர். மாணவர்கள் வைத்த பெயர். அவளுக்கும் தெரியும், கோபமில்லை. பரீட்சையில் அவர்கள் ஹார்ன் ஊதும்போது பக்கத்தில் பியானோ வாசிப்பது அவள் வேலை. ஹார்ன் என்றதும் பஸ்ஸில் அடிப்பதை நினைத்துவிட வேண்டாம். நீளமான பித்தளைக் குழாயை வட்டமாகச் சுருட்டி, ஒரு முனையைப் பூசணிப் பூ மாதிரி விரித்துவிட்ட வாத்தியம். இசைத்தாளில் தாளக் கணக்குக்குக் கோடு போட்டுப் பிரித்த கட்டங்களில் இரண்டை ஊதுகிறவர் பதற்றத்தில் தாண்டிக் குதித்தால் அவளும் கூடவே குதிப்பாள். தடுக்கினால் நின்று, தூக்கி நிறுத்திக் கூட்டிப்போவாள். தவறு நடந்ததே கேட்பவருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக இப்படி எத்தனையோ பேரைக் கரையேற்றியிருக்கிறாள். கைதட்டல் மட்டும் ஊதினவருக்குப் போகும்.

அவளுக்கு ஒரு மனக்குறை உண்டு. ஹார்ன் படிக்கிறவர்களுக்கென்று அச்சில் வரும் பாட்டுகளில் பாதி, தொட்டில் குழந்தைக்கு எழுதியவை. மீதி, உதட்டை ரப்பர் என்று நினைத்து எழுதியவை. பொறுத்துப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவளே மூன்று பக்கத்துக்கு ஒன்று எழுதினாள். நடுவே நாலு கட்டம் ஹார்னுக்கு ஓய்வு. உதடு ஆறவும், மூச்சு தண்ணீராகிக் குழாயில் தேங்கியதைக் கொட்டவும் அந்த நேரம் என்று கணவரிடம் விளக்கினாள். அவர் வீடு வீடாகக் குழாய் ரிப்பேர் பார்ப்பவர்.

"எங்க குழாயில தண்ணி வரலைன்னு திட்டுறாங்க. உங்க குழாயில வந்துடுச்சுன்னு கொட்டுறீங்க. நல்ல பொழப்பு," என்றார்.

அவள் சொன்னது பாதிக் காரணம்தான். அந்த நாலு கட்டமும் பியானோ தனியாகப் பாடும் மெட்டு. ஆசைப்பட்டுத் தனக்கென்று எழுதிக்கொண்டது.

பரீட்சைக் குழு அந்த வருஷம் பாடத்திட்டத்துக்குப் புதிய பாட்டு ஒன்றைத் தேடியது. தேர்வானால் இனி ஹார்ன் படிக்கிற எல்லோரும் அவள் பாட்டை ஊதுவார்கள். இல்லாவிட்டால் அலமாரித் தூசிக்குத்தான். குழுவுக்கு ஒரு கண்டிப்பு: வித்வான் ஊதிக் காட்டக் கூடாது, படிக்கிறவரே ஊத வேண்டும். அதனால் அவள், மூன்று வருஷமாக ஹார்ன் கற்கும் தபால்காரப் பெண்ணை அழைத்துக்கொண்டு போனாள். காலையில் கடிதம் கொடுப்பாள், மாலையில் ஹார்ன் எடுப்பாள், வயது நாற்பது.

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், முன்னால் இசைத்தாள். முதல் பக்கம் வெண்ணெயாகப் போனது. நாலு கட்டம் வந்தது. தபால்காரப் பெண் குழாயைக் கழற்றினாள், உதறினாள், மாட்டினாள். பியானோ ஒரு கட்டம் பாடியிருக்கும், அதற்குள் ஹார்னைத் தூக்கி ஊதிவிட்டாள். கைத்தாங்கல் அக்காவின் விரல்கள் அவளைக் கேட்கவில்லை. பழக்கதோஷம், தாவிவிட்டன. மூன்று கட்டம் காற்றோடு போனது. பாட்டு வழுக்கிக்கொண்டு முடிந்த பிறகுதான், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்கு உறைத்தது.

குழுத் தலைவி தாளில் விரலை வைத்தார். "இங்க பியானோ தனியா நாலு கட்டம் இருக்கே. எங்க போச்சு?"

"நான்தான் தாவிட்டேன்," என்றாள் அக்கா.

"இல்லீங்க," என்றாள் தபால்காரப் பெண். "நான்தான் முன்னாடியே ஊதிட்டேன். என்னைக் காப்பாத்தத்தான் அக்கா தாவினாங்க."

"நீங்க எண்ணலையா?"

"எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த மெட்டு வந்ததும் அதையே கேட்டுட்டு நின்னுட்டேன், எண்ணிக்கை போயிடுச்சு. லேட்டாயிடுச்சோன்னு பயந்து ஊதிட்டேன்."

தலைவி அக்கா பக்கம் திரும்பினார். "அந்த இடத்தை மட்டும் வாசிங்க."

அவள் வாசித்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்காகப் பக்கத்தில் யாரும் மூச்சடக்கி நின்றதில்லை. அவள் விழுந்தால் தூக்க ஆளில்லை. விழவில்லை. மூவரும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. கடிதம் வரும் என்றார்கள்.

"கெடுத்துட்டேனாக்கா?" வாசலில் தபால்காரப் பெண் கேட்டாள்.

"விடு. கேட்டுட்டு நின்னுட்டேன்னு சொன்னியே, எனக்கு அது போதும்." முக்கால்வாசி உண்மையாகத்தான் சொன்னாள். மீதிக் கால்வாசி அவளைத் தினமும் வாசலை எட்டிப் பார்க்க வைத்தது.

பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது. கொண்டுவந்தவள் வேறு யார்? கொடுத்துவிட்டு நகரவே இல்லை.

"பிரிங்கக்கா. ஒரு தெருவே பாக்கியிருக்கு எனக்கு."

பாட்டைப் பாடத்திட்டத்தில் சேர்த்திருந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. அந்த இடத்தில் படிக்கிறவர்கள் எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள். ஆகவே பியானோவின் நாலு கட்டத்தையும் ஹார்ன்காரர் தாளிலேயே பொடி எழுத்தில் அச்சிட வேண்டும், அதைப் பார்த்துக்கொண்டே வந்தால் சரியான இடத்தில் ஊதலாம்.

அவள் இரண்டாம் முறை படித்தாள். ஹார்ன் தாளில் பியானோ தனியாக வாசிக்கும் இடம் அவள் பார்த்தவரை எப்போதும் ஒரு வெற்றுக் கோடு, மேலே எத்தனை கட்டம் சும்மா இருக்க வேண்டும் என்று ஓர் எண், அவ்வளவுதான். இனி ஊதுகிற ஒவ்வொருவரும் அந்த இடத்தில் அவளைப் படிப்பார்கள். கண் கலங்கியது. துடைக்கவில்லை.

"என்னக்கா, எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டாங்க. உன் தப்பையும் சேர்த்து எடுத்துக்கிட்டாங்க."

தபால்காரப் பெண் கடிதத்தை வாங்கிப் படித்துச் சிரித்தாள். பையைத் தோளில் மாட்டி, சைக்கிளைப் பிடித்தபடி அந்த மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். அக்கா வாசல் கதவில் விரலால் தாளம் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கட்டமும் முழுசாக முடிந்த பிறகுதான், "வரேன்க்கா," என்று பெடலை மிதித்தாள்.